கண்ணாடியும் முகமும் விளக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

முன்னுரை

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. காலையில் தெளிவாக இருந்த முகம் இரவில் விடுதிக் கண்ணாடியில் வெளிறியும் களைத்தும் தோன்றுவதை நம்மில் காணாதவர் இலர். முகம் ஒன்றுதான், தோலும் ஒன்றுதான். அப்படியானால் மாறியது எது? இயற்பியல் பயிலும் மாணவி என்ற முறையில் இவ்வினாவிற்கு நான் அறிந்த விடையைக் கூற விழைகிறேன்.

குற்றம் கண்ணாடியுடையதா?

முதலில் கண்ணாடியை விசாரிப்போம். கண்ணாடித் தகட்டின்மேல் வெள்ளியை மெல்லிய படலமாகப் படியச் செய்யும் வேதியியல் முறையை 1835-இல் கண்டவர் ஜெர்மானிய அறிஞர் லீபிக். வெள்ளி, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. சாதாரணக் கண்ணாடியில் இரும்புக் கலப்பு சிறிது உண்டு. அதன் விளிம்பில் பச்சை தெரிவது அதனால்தான். எனினும் ஒருமுறை பிரதிபலிப்பதில் அப்பச்சை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே ரசம் போகாத கண்ணாடி தனக்கு வந்த ஒளியை ஏறக்குறைய அப்படியே ஒப்படைக்கும் நேர்மையான தபால்காரர் எனலாம். கடிதத்தை எழுதியவரைத்தான் நாம் தேடவேண்டும்.

தோல் செய்யும் வேலை

முகத்தில் ஒளி விழும்போது நூற்றில் நான்கைந்து பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. எண்ணெய் தேய்த்த முகம் மினுங்குவது இதனால்தான். எஞ்சிய ஒளி தோலுக்குள் நுழைந்து, சிதறி, ஒரு பகுதி மீண்டும் வெளியே வருகிறது. உள்ளே அதனை வழிமறிப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, மேல்தோலில் உள்ள மெலனின். இது நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் உறிஞ்சும். மற்றொன்று, குருதியில் உள்ள ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய பச்சை, மஞ்சள் ஒளியை விழுங்கிச் சிவப்பை விட்டுவிடும்.

எனவே கறுப்போ சிவப்போ, எவர் தோலாயினும் அது மிகுதியாகத் திருப்பித் தருவது சிவப்பு ஒளியையே. ஆனால் விளக்கில் சிவப்பு இருந்தால்தானே தோல் அதனைத் திருப்பித் தரும்? வாங்காத கடனை எவர் அடைக்க இயலும்?

விளக்குக்கு விளக்கு வேறுபாடு

பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சுமார் 2,800 கெல்வின் வெப்பநிலையில் ஒளிர்கிறது. அதன் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. அதனால் முகம் பொன்னிறமாகத் தோன்றும். சிறு செந்தழும்புகள் மறைந்துவிடும்.

குழல் விளக்கின் கதை வேறு. உள்ளே பாதரச ஆவி வெளியிடும் புற ஊதாக் கதிர் குழலின் உட்பூச்சில் பட்டு வெண்மையாக மாறுகிறது. பாதரசத்தின் 546 நானோமீட்டர் பச்சைக் கோடும் உடன் வருகிறது. பழைய வகைக் குழல்களில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. முகம் உயிரற்று வெளிறித் தெரிவதும், பருக்கள் கருமையாக எடுத்துக் காட்டப்படுவதும் இதனால்தான்.

இன்று எங்கும் எல்.இ.டி. விளக்குகள். இவற்றிற்கு அடிப்படையான நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சள் பூச்சு ஒன்று மாற்றித் தர, இரண்டும் கலந்து வெண்மையாகின்றன. மலிவான எல்.இ.டி.களிலும் ஆழ்ந்த சிவப்பு குறைவே. பெட்டியின்மேல் ‘சி.ஆர்.ஐ.’ என்றோர் எண் இருக்கும். அது நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிப்பது; உச்ச அளவு 100. ஆனால் எட்டு மென்னிறங்களின் சராசரியே அந்த எண். ஆழ்ந்த சிவப்பு அச்சராசரியில் சேர்வதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இருட்டறையில் ஒரு பாடம்

நியூட்டன் வளையங்கள் சோதனை செய்யும் இயற்பியல் மாணவர் அனைவரும் சோடியம் விளக்கை அறிவர். அது தருவது 589.0, 589.6 நானோமீட்டர் மஞ்சள் மட்டுமே. அவ்விருட்டறையில் தோழியின் நெற்றிக் குங்குமம் கறுப்பாகிவிடும், உதடுகளும் கருத்துவிடும். மஞ்சள் துணிக்கும் வெள்ளைத் துணிக்கும் வேறுபாடே தெரியாது. எங்கள் வகுப்பில் பல நிறத்தவரும் உள்ளனர். அவ்விளக்கின் முன் அனைவர் முகமும் ஒரே மஞ்சள்தான். சிலரிடம் சற்றுப் பிரகாசம், சிலரிடம் சற்று மங்கல், அவ்வளவே. கதவைத் திறந்து வெளியே வந்ததும் அவரவர் நிறம் அவரவரிடம் வந்து சேர்ந்துகொள்ளும்.

திசையும் கண்ணும்

விளக்கு இருக்கும் இடமும் முக்கியம். உச்சியிலிருந்து விழும் ஒளி கண்குழியிலும் மூக்கின் கீழும் நிழலிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளி ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பெரிதாக்கும். சன்னல் வழியே பரவி வரும் ஒளி நிழல்களை நிரப்பித் தோலை வழவழப்பாக்கும்.

நம் கண்ணும் நடுநிலையாளர் அன்று. மங்கிய ஒளியில் கண்ணின் உச்ச உணர்வு 555 நானோமீட்டரிலிருந்து 507-க்கு நகர்வதால் செந்நிறங்கள் இருண்டுபோகின்றன. மேலும் 1839-இல் பிரெஞ்சு அறிஞர் செவ்ரோல் விளக்கியதுபோல், அருகில் உள்ள நிறமும் நம் கண்ணை ஏய்க்கும். அதே முகம் வெள்ளைச் சுவரின் முன் கருத்தும், கரிய கதவின் முன் வெளுத்தும் தோன்றும்.

நிறத்திற்கு ஒரு தீர்ப்பா?

என் அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரவு ஏழு மணிக்கு வந்தனர். கூடத்தின் உச்சியில் ஒரே ஒரு குழல் விளக்கு. அக்காளுக்குப் பின்னே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெண்சுவர். “போட்டோவில் இருந்த நிறம் இல்லையே” என்று கூறிவிட்டுச் சென்றனர். அடுத்த வாரம் அம்மா தம் கூலிப் பணத்தில் ஒரு முகக்களிம்பு வாங்கி வந்தார். நிறம் மாற்றும் களிம்புகள் சிலவற்றில் பாதரச உப்புகள் கலந்துள்ளன என்றும், அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரித்துள்ளது.

அக்காள் சிவப்பு என்று நிறுவுவது என் நோக்கமன்று. அவள் கறுப்புத்தான். புற ஊதாக் கதிரிலிருந்து உடலைக் காக்க இயற்கை பிடித்த குடையே மெலனின். அதில் குறைவுபட என்ன இருக்கிறது? என் வியப்பு வேறு. துணிக்கடையில் ஒரு புடவை வாங்கும்போது, “வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்” என்று கடை வாசல்வரை எடுத்துச் செல்கிறோம். புடவைக்குச் செய்யும் நீதியை மனித முகத்திற்கு ஏன் மறுக்கிறோம்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். விளக்கைப் பற்றியும் சுவரைப் பற்றியும் வீட்டில் எடுத்துச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சரி தாயி, இதை அவங்களுக்கு யாரு சொல்றது?” என்றார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

உயிர் காக்கும் வெளிச்சம்

தோலின் நிறத்தை உற்றுப் பார்த்தே ஆகவேண்டிய இடமும் ஒன்று உண்டு, அது நோய். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால் தோலும் வெண்விழியும் மஞ்சளாகும். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாமே மஞ்சளாதலால் அது தெரியாமல் போகலாம். ஆகவே குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. தோலை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார்ப்பர். கறுத்த குழந்தையாயின் வெண்விழியையும் ஈறுகளையும் அவசியம் காண்பர். பள்ளிக்கூடம் அறியாத என் அப்பத்தா, “விளக்கு வெளிச்சத்துல பார்த்துட்டுப் பேசாதீங்க, புள்ளையைத் திண்ணைக்குக் கொண்டாங்க” என்பார். அனுபவம் அவருக்குக் கற்பித்ததை எனக்கு நிறமாலை கற்பித்தது.

முடிவுரை

அன்புத் தோழர்களே! கண்ணாடியில் நாம் காண்பது முகத்தை மட்டுமன்று. விளக்கு, தோல், சுவர், கண் ஆகிய நான்கும் சேர்ந்து எழுதும் கூட்டுக் கணக்கு அது. அதில் ஒன்றை மாற்றினாலும் விடை மாறும். முகம் பார்க்க வேண்டுமானால் சன்னலை நோக்கி நில்லுங்கள். விளக்குதான் கதியென்றால் முகத்தின் இருபுறமும் ஒளி விழட்டும். நோயை ஐயுற்றால் பகலுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நாளை நீங்கள் ஒரு வீட்டிற்குப் பெண் பார்க்கச் செல்லும் கூட்டத்தில் ஒருவராக இருக்கக்கூடும். அங்கே எவரேனும் நிறத்தைப் பற்றி வாய் திறந்தால், தலைக்கு மேலே எரியும் விளக்கைச் சுட்டிக் காட்டுங்கள். என் அம்மா கேட்ட கேள்விக்கு அதுவே விடையாகும்.