சூடான டயரின் கணக்கு

கேள்வி: களுத்துறை கட்டுக்குருந்தை ஓடுபாதையில் என் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டப்போகிறேன். டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கலாம்?
- வாசகர், ஹெவ்லொக் டவுன்

பதில்: கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண் ஆறிய டயருக்கும் வீதி ஓட்டத்துக்கும் உரியது, ஓடுபாதையில் பார்க்க வேண்டியது சூடேறிய பின் நிற்கும் அளவை. 30 பாகை செல்சியஸில் 32 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 70 பாகையைத் தொட்டால் ஏறத்தாழ 38 காட்டும். உப்பிய டயரின் பிடிமானம் குறையும். அப்படியானால் முதலிலேயே நன்றாகக் குறைத்துவிடலாமே என்பீர்கள். கூடாது. காற்றுக் குறைந்த டயர் வளைவில் மடிந்து, ஓரம் தேய்ந்து, இன்னும் சூடேறும். ஆகவே கதவோர அளவில் தொடங்குங்கள். சில சுற்றுகள் ஓடி வந்ததும் சூட்டோடு அளந்து, ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக இறக்குங்கள். டயரின் ஓரத்தில் சோக்கால் கோடிட்டால், அது அழிந்த தூரம் டயர் எவ்வளவு மடிகிறது என்று காட்டிவிடும். வீடு திரும்புமுன், டயர் ஆறியதும் பழைய அளவுக்கு நிரப்ப மறக்காதீர்கள்.