வாளுக்குப் பேர் வந்தது எப்படி?



நம்ம வீட்டு அரிவாமனையைப் பாருங்க. அரிவாள் ஒரு மனையில் நிற்பதால் அந்தப் பேர். கதிர் அறுப்பது கருக்கரிவாள். அலகில் பல் பல்லாகக் கருக்கு இருப்பதால் அந்தப் பேர். ஒன்றுக்கு அடிப்பாகத்தால் பேர், இன்னொன்றுக்கு அலகால் பேர். வாள்களையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

முதலில் அலகைப் பார்க்கணும். நேராக இருக்கா, வளைந்திருக்கா? ஒரு பக்கம் கூரா, இரண்டு பக்கமுமா? அப்புறம் பிடியைப் பார்க்கணும்.

1. தல்வார்: வளைந்த அலகு, ஒரு பக்கம் கூர். பிடியின் முனையில் சின்னத் தட்டு மாதிரி வட்டம் இருக்கும். இந்தியில் தல்வார் என்றாலே வாள்தான்.

2. காண்டா: நேரான, அகலமான அலகு. பிடியின் முனையில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கையாலும் பிடித்து வெட்ட அது உதவும்.

3. பட்டா: நீளமான நேர் அலகு. முழங்கை வரைக்கும் மூடும் இரும்புக் கையுறையே இதற்குப் பிடி. பிடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

4. கட்டாரி: வாளை விடச் சின்னது. குறுக்குக் கம்பியை முஷ்டியில் பிடித்து நேராகக் குத்துவது.

5. சுருள்வாள்: வளையும் மெல்லிய அலகு. அலகைச் சுருட்டி வைக்கலாம், அதனால் அந்தப் பேர்.

6. பிரங்கி: அலகு ஐரோப்பாவில் செய்தது, அல்லது அதே மாதிரி இங்கே செய்தது. பிடி மட்டும் நம்ம நாட்டு வேலை. 16ஆம் நூற்றாண்டில் நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுக்கீசியரைப் பறங்கியர் என்றார்கள் அல்லவா? பறங்கியும் பிரங்கியும் ஒரே சொல்தான்! கப்பலில் வந்த இரும்பின் கதை அந்தப் பேரிலேயே இருக்கு.

அதனால் ஒரு வாளைப் பற்றி எழுதும்போது அலகு, பிடி இரண்டையும் எழுதணும். "பழைய வாள்" என்று மட்டும் எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்ற செய்தியே போய்விடும்.

பிடியே இல்லாவிட்டால்? நம்ம மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டினார். தாழிகளோடு இரும்பு வாள், ஈட்டி எல்லாம் கிடைத்தன. மரப்பிடி மண்ணில் மக்கிவிடும், துருப்பிடித்த இரும்புதான் மிஞ்சும். அப்போது அலகின் நீளம், அகலம், கூர், பிடி செருகும் காம்பு இவற்றை வைத்துத்தான் வாளா, குத்துவாளா, ஈட்டியா என்று சொல்ல முடியும். 2023இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்திருக்காங்க. தோண்டிய குழியிலேயே தாழிகளைப் பார்க்கலாம்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்காதீங்க. தேரி மண்ணிலோ, கிணறு வெட்டும்போதோ துருப்பிடித்த இரும்பு கிடைத்தால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க! உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவும் கூடாது. தேய்த்தால் அலகின் வடிவமே போய்விடும். கிடைத்த இடத்தை எழுதி வைத்து, டீச்சரிடமோ தாசில்தார் ஆபீஸிலோ சொல்லுங்க. மண்ணுக்குள் கிடைக்கும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கணும் என்று 1878லேயே சட்டம் போட்டிருக்காங்க.

யோசிங்க: அரிவாளும் வளைவு, தல்வாரும் வளைவு. வித்தியாசம் என்ன?
விடை: அரிவாளில் கூர் வளைவின் உள்பக்கம். தல்வாரில் வெளிப்பக்கம்.

– 9ஆம் வகுப்பு மாணவி, பெரியதாழை