ஊசி முனையும் உடல் வலியும்: அக்குபங்சர் சிகிச்சையை அறிந்து பெறுவோம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் வழியை ஒட்டி அமைந்த சின்னக்கானல், தேயிலைக்கும் ஏலத்துக்கும் பேர்பெற்ற மலையூர். இங்குள்ள தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதுகுவலியும் மூட்டுவலியும் புதியவை அல்ல. சரிவில் நாள் முழுதும் நின்று கொழுந்தெடுப்பதும், நிறைந்த மூட்டையைச் சுமந்து நடப்பதும், ஏலச்செடியின் அடியில் காய்ப்பவற்றைக் குனிந்தும் குந்தியும் பறிப்பதும் இடுப்பையும் முழங்காலையும் வருத்துகின்றன. மாத்திரைக்கு வலி அடங்காதபோது, “ஊசி வைத்தால் சரியாகிவிடுமாமே” என்ற பேச்சு எழுகிறது. அப்பேச்சில் உண்மை எவ்வளவு, சிகிச்சைக்குச் செல்பவர் எதை எதிர்பார்க்கலாம், எங்கே எச்சரிக்கை தேவை என்பவற்றை இங்கே காண்போம்.

இந்தியாவுக்கு வந்த வழி

அக்குபங்சர் எனப்படும் குத்தூசி மருத்துவம் சீனத்தின் தொன்மையான சிகிச்சை முறை. 1938இல் சீனத்துக்கு உதவச் சென்ற ஐந்து இந்திய மருத்துவர்களுள் ஒருவரான பிஜோய் குமார் பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் அங்கு சென்று இக்கலையைக் கற்றுத் திரும்பிக் கல்கத்தாவில் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். அதனை முறைப்படுத்த மேற்கு வங்கம் 1996இல் தனிச் சட்டம் இயற்றியது. 2019இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனித்ததொரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

எவ்வாறு செயல்படுகிறது?

உடலில் ‘ச்சி’ என்னும் உயிராற்றல் சில பாதைகளில் ஓடுகிறது. அவ்வோட்டம் தடைப்படும்போது நோய் தோன்றுகிறது. குறித்த புள்ளிகளில் ஊசி செருகினால் தடை நீங்குகிறது என்பது சீன மரபின் விளக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் பொதுப் பட்டியலில் 361 புள்ளிகள் உள்ளன. ஆயினும், இப்பாதைகளுக்கு நிகரான உறுப்பு எதனையும் உடற்கூற்றியல் கண்டதில்லை.

நவீன அறிவியலின் விளக்கம் வேறு. ஊசி தோலையும் தசையையும் தூண்டும்போது நரம்புகள் வழியே செய்தி தண்டுவடத்துக்கும் மூளைக்கும் செல்கிறது. அப்போது உடலே சுரக்கும் வலிநீக்கிகளான எண்டார்பின்கள் வெளிப்படுகின்றன. 1970களில் நடந்த ஓர் ஆய்வில், எண்டார்பின்களின் வினையைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைச் செலுத்தியபோது அக்குபங்சரால் கிடைத்த வலித்தணிவு மறைந்தது.

பலன் எவ்வளவு என்பதற்கு ஜெர்மனியில் 1,162 நாள்பட்ட முதுகுவலி நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஆய்வு நல்ல சான்று. ஆறு மாதங்களுக்குப் பின், முறையான புள்ளிகளில் ஊசி பெற்றோரில் 47.6 விழுக்காட்டினர் குணம் கண்டனர். புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி பெற்றோரில் 44.2 விழுக்காட்டினரும், மருந்தும் உடற்பயிற்சியும் உள்ளிட்ட வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 விழுக்காட்டினரும் குணம் கண்டனர். ஊசி பலருக்கு உதவுகிறது என்பது இதனால் தெரிகிறது. எந்தப் புள்ளியில் குத்துகிறார்கள் என்பதைவிட, ஊசியின் தூண்டலும், அமைதியாகப் படுத்திருப்பதும், நோயாளியின் நம்பிக்கையும் பெரும்பங்கு வகிக்கக்கூடும் என்பதும் தெரிகிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் முதுகுவலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது; அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனின் வழிகாட்டும் அமைப்பு அதே வலிக்கு அதனைத் தவிர்க்கச் சொன்னது. வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இன்னும் இல்லை.

சிகிச்சை அறையில்

முதல் நாளில் நோயின் வரலாறு, உறக்கம், பசி ஆகியவற்றைக் கேட்டறிவார்கள். நாடியும் நாக்கும் பார்ப்பார்கள். மருந்து செலுத்தும் ஊசியைவிட மிக மெல்லிய, துளையற்ற ஊசிகளைச் செருகி, 15 முதல் 30 நிமிடங்கள் வரை அப்படியே விட்டுவைப்பார்கள். குத்தும்போது எறும்பு கடித்தாற்போன்ற உணர்வும், பின்னர் அவ்விடத்தில் கனமோ மந்தமான வலியோ தோன்றலாம். சிறு கன்றிப்பு, ஓரிரு துளி இரத்தம், தலைசுற்றல் ஆகியன சிலருக்கு ஏற்படும். ஆகவே வெறும் வயிற்றுடன் செல்லலாகாது.

நாள்பட்ட வலிக்கு வழக்கமாக வாரம் ஒன்று அல்லது இரண்டாக, ஆறு முதல் பன்னிரண்டு அமர்வுகள் தேவைப்படும். ஐந்தாறு அமர்வுகளுக்குப் பின்னும் மாற்றம் இல்லையெனில், தொடர்வதா என்பதை மறுபரிசீலனை செய்வது நன்று.

எச்சரிக்கைகள்

உறை பிரிக்கப்படாத, ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியையே ஏற்க வேண்டும். ஒருவருக்குப் பயன்பட்ட ஊசி மற்றவருக்கு ஹெபடைடிஸ் பி போன்ற நோயைக் கடத்தக்கூடும். மார்புப் பகுதியில் ஆழமாகக் குத்தினால், அரிதாக, நுரையீரல் துளைபடவும் வாய்ப்புண்டு. கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போரும், பேஸ்மேக்கர் பொருத்தியோரும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

“எல்லா மருந்துகளையும் நிறுத்திவிடுங்கள்” என்று கூறுவோரும் உண்டு. அவ்வறிவுரையை ஏற்கலாகாது. முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். இரத்தக் கொதிப்பு, காசநோய், வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகளையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. முதுகுவலியுடன் காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, கால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும், ஊசிக்குச் செல்லும் முன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செலவும் காப்பீடும்

ஓர் அமர்வின் கட்டணத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யலாகாது. மலையிலிருந்து அடிமாலிக்கோ தேனிக்கோ சென்றுவரும் பேருந்துச் செலவையும், அன்றைய கூலி இழப்பையும் சேர்த்து, பத்து அமர்வுகளுக்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் தங்காமல் பெறும் சிகிச்சையைப் பல காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்பதில்லை. ‘ஆயுஷ்’ என்ற சொல்லின் விரிவில் அக்குபங்சர் இடம்பெறவில்லை. எனவே பாலிசி ஆவணத்தைப் படித்து, ஐயம் இருப்பின் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து வடிவில் விடை பெறுக. மொத்தத் தொகையையும் முன்பணமாகக் கட்டாமல் அமர்வுதோறும் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்வது நல்லது.

வலியைத் தணிக்கும் துணைச் சிகிச்சையாக அக்குபங்சரை நாடலாம். அதனுடன் மருத்துவர் கூறும் பயிற்சியும், சுமையைப் பகிர்ந்து தூக்குவதும், வேலையின் நடுவே நிமிர்ந்து இளைப்பாறுவதும் சேர்ந்தால்தான் முதுகு நெடுநாள் உழைக்கும்.