பிறர் வாழத் தம்மை ஈந்த சிற்றூர்

இங்கிலாந்தின் டார்பிஷயர் வட்டாரத்தில், குன்றுகளுக்கிடையே ஈம் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்வோம்.

1665ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் வாட்டியது. அங்கிருந்து ஈம் ஊர்த் தையற்காரருக்கு வந்த துணிப் பொதியுடன் நோயும் வந்து சேர்ந்ததாகக் கூறுவர். மக்கள் மடியத் தொடங்கினர். அவர்கள் ஊரைவிட்டு ஓடினால் அண்டை ஊர்களிலும் நோய் பரவும் அன்றோ? எனவே, 1666ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாதிரியார்களான வில்லியம் மொம்பசன், தாமஸ் ஸ்டான்லி ஆகிய இருவரின் சொற்கேட்டு, ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என மக்கள் உறுதி பூண்டனர்.

அண்டை ஊரார் எல்லையில் உணவு வைத்துச் சென்றனர். அதற்குரிய காசுகளை ஈம் மக்கள் எல்லைக்கல்லின் குழிகளில் காடி ஊற்றி, அதனுள் இட்டனர். எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கைகளாலேயே அடக்கம் செய்தார். மொம்பசனின் மனைவியும் மாண்டார். பதினான்கு மாதங்களில் ஏறத்தாழ 260 உயிர்கள் மறைந்தன. அண்டை ஊர்களோ பிழைத்தன.

அந்த எல்லைக்கல் இன்றும் உள்ளது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாத இறுதி ஞாயிறன்று அவ்வூரார் தம் முன்னோரை நினைவுகூர்கின்றனர். போர்க்களத்தில் மட்டுமன்று, பிறர்நலம் கருதி அடங்கியிருப்பதிலும் வீரம் உண்டு என்பதை நாம் உணர்வோமாக.