குளிர்க்கடலில் டால்பின்களோடு

நியூஸிலாந்தின் தென் தீவில், கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு வடக்கே சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில், பனி படிந்த மலைத்தொடர் கடலை நெருங்கி வந்து நிற்கும் இடத்தில், கைகோரா என்ற சிற்றூர் இருக்கிறது. சுயேச்சையாகத் திரியும் டால்பின்களோடு நீந்த வேண்டும் என்ற ஆவலினால் உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் மனிதர்கள் அங்கே பிரயாணம் செய்கிறார்கள். அப்படிப் போய் அந்தப் பாக்கியம் கிடைக்கப்பெற்றவன் என்ற முறையில், இனிப் போகிறவர்களுக்கு உபயோகப்படக் கூடியவற்றை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முதலாக மனத்தில் பதிய வேண்டியது, அந்தச் சந்திப்பு நிகழ்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை முழுவதும் அந்தப் பிராணியிடமே இருக்கிறது என்பதுதான்.

கைகோராவுக்கு இந்தப் பெருமையைக் கொடுத்தது அதன் கடலடி அமைப்பு. ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக ஆழ்ந்து செல்லும் ஒரு பெரும் பள்ளத்தாக்கு நீருக்கடியில் கரையை மிக அணுகி வருகிறது. பகலெல்லாம் அதன் இருளில் கிடக்கும் சிறு மீன்களும் கணவாய்களும் இரவில் மேல்மட்டத்துக்கு எழும்பி வர, ஏறக்குறைய ஆறடி நீளமும் துருத்தி நீளாத மூக்கும் வாய்ந்த டஸ்கி இனத்து டால்பின்கள், நூற்றுக்கணக்கில் கூடி வாழ்பவை, அவற்றை வேட்டையாடி உண்டுவிட்டு, விடிந்த பிறகு கரையோரத்துக்கு வந்து விளையாட்டிலும் இளைப்பாறலிலும் பொழுதைக் கழிக்கின்றன. ஆகவே நாம் காணப் போவது ஓய்வுக்கு வந்திருக்கும் உயிர்களை. கோடைக்காலத்து நண்பகலில் அவற்றுக்கு ஓய்வு அதிகம் தேவைப்படுகிறபடியால், விடியற்காலைப் படகையே நான் சிபாரிசு செய்வேன். குமட்டலுக்கான மாத்திரையைப் படகு புறப்படுவதற்கு முன்னதாகவே விழுங்கிவிட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பின் அதனால் பிரயோஜனமில்லை.

வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பில் குளித்துப் பழகிய தேகத்துக்கு அந்தச் சமுத்திரம் ஒரு பரீட்சைதான். கோடையின் உச்சத்திலும் நீரின் வெப்பம் 18 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம்; குளிர்காலத்தில் 10 டிகிரிக்குச் சமீபமாக இறங்கிவிடும். அத்தகைய ஜலம் திடீரென்று தோலில் பட்டவுடன், நம் சம்மதத்தைக் கேளாமலே நுரையீரல் ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கிறது. அதைத் தொடர்ந்து சுவாசம் கட்டுக்கடங்காமல் விரைகிறது, இருதயம் படபடக்கிறது. கைதேர்ந்த நீச்சல்காரரையும் விடாத இந்தத் தடுமாற்றம் சில நிமிஷங்களில் தானாகவே அடங்கிவிடும் என்பதை முன்கூட்டி அறிந்திருப்பது பாதி மருந்து. நான் அநுசரித்த முறையைச் சொல்கிறேன்: படகின் பின்புறத்துப் படியில் உட்கார்ந்து, முகத்தையும் பிடரியையும் கடல்நீரால் நனைத்துக்கொண்டு, குதிக்காமல் மெல்ல வழுக்கி இறங்கி, உள்ளே இழுக்கும் மூச்சைப்பற்றிக் கவலைப்படாமல், வெளியே விடும் மூச்சை மட்டும் இயன்றவரை நீளமாக விட்டுக்கொண்டிருந்தேன். இருதய நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் வைத்தியரின் யோசனையைக் கேளாமல் இதில் இறங்கவே கூடாது.

அங்கே கொடுக்கும் வெட்சூட் நீரை அடியோடு தடுப்பதன்று. உள்ளே புகுந்த சிறிதளவு நீர் உடலின் சூட்டால் இதமடைய, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த அந்தத் தடித்த ரப்பர் அச்சூட்டைக் காத்து வைக்கிறது. உடை தளர்ந்திருந்தால் புதிய குளிர்நீர் இடைவிடாமல் புகுந்து அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடும். ஆதலால் மூச்சுக்கு மாத்திரம் இடங்கொடுத்து இறுகப் பிடிக்கும் உடையையே கேட்டு வாங்குங்கள். தலையை மூடும் குல்லாயை அசௌகரியம் என்று கழற்றி வைத்துவிடாதீர்கள்.

நீரில் இறங்கியவர்களில் டால்பினைத் துரத்துகிறவருக்கு அது கிட்டுவதேயில்லை; வினாடிப்பொழுதில் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடக்கூடிய பிராணியை மனிதன் எட்டிப் பிடிப்பது எங்ஙனம்? கைகளை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, கால்களால் மட்டும் நீந்தி, ஸ்நார்க்கெல் குழாயைக் கவ்வியபடியே தொண்டைக்குள் பாடும்படி வழிகாட்டிகள் சொல்கிறார்கள். ஒலியினாலேயே தன் சுற்றுப்புறத்தை அறிகிற ஜீவனுக்குப் புதிய ஒலி ஆவலை மூட்டுவது இயல்பே. எனக்குப் பழக்கமான மோகன ராகத்தைத் தொட்டில் குழந்தைக்கு முனகுவது போல இழுத்துக்கொண்டிருந்தேன்; அவ்வாறு முனகுவதற்கு நீண்ட வெளிமூச்சு வேண்டியிருந்ததால், குளிரினால் குலைந்த சுவாசம் அந்தப் பாட்டினாலேயே ஒழுங்குபட்டதை உணர்ந்தேன். சிறிது நேரத்தில் ஒன்று அருகில் வந்து, ஒரு கண்ணால் என்னை உற்றுப் பார்த்தவாறே வட்டமிடத் தொடங்கியது. அந்த நேரத்தில் அதன் பார்வையை விடாமல், அது சுற்றும் திசையிலேயே நாமும் சுற்றினால், வட்டம் நீடிக்கிறது. தொடுவதற்குக் கையை நீட்டவோ அவசியமுமில்லை, அநுமதியுமில்லை.

டால்பின்களைச் சட்டத்தினால் காப்பாற்றுவது அந்தத் தேசத்தாருக்குப் புதிதல்ல. பெலோரஸ் ஜாக் என்று பெயரிடப்பட்ட ரிஸ்ஸோ இனத்து டால்பின் ஒன்று, 1888 முதல் 1912 வரை, தென் தீவின் வடகோடிக் கடலில் கப்பல்களோடு கூடவே நீந்தி வந்ததும், அதற்கு ஊறு செய்யலாகாதென்று 1904-ல் அரசாங்கம் உத்தரவு பிறப்பித்ததும் பிரசித்தமான சரித்திரம். இப்போது அமலில் இருக்கும் 1992-ஆம் வருஷத்து விதிகளின்படி, ஒரு கூட்டத்தின் 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்கு மேல் நிற்கக்கூடாது. குட்டிகள் உள்ள கூட்டத்தோடு எவரும் நீந்தக்கூடாது. எனவே, கட்டணம் செலுத்திவிட்டோமே என்ற எண்ணத்தினால், படகோட்டி மறுக்கும்போது வாதாடாதீர்கள். வடக்கே பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் பாட்டில்நோஸ் டால்பின்களின் தொகை குறைந்து வந்ததைக் கண்டு, அவற்றோடு நீந்துவதையே 2019-ல் தடை செய்தார்கள். அந்தத் தடையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

படகில் ஏறிய பிறகும் சிறிது நேரம் உடலின் உட்சூடு குறைந்துகொண்டே போகும். ஆகையால் நடுக்கம் தொடங்குமுன்பே ஈர உடையைக் களைந்து, கம்பளித் தொப்பியும் காற்றுப் புகாத மேலங்கியும் அணிந்துகொண்டு, சூடான பானம் ஏதேனும் அருந்துங்கள், மது கூடாது. புகைப்படக் கருவியை நீருக்குள் எடுத்துச் செல்லாமல் இந்த வேளைக்கென்றே மேல்தளத்தில் வைத்திருப்பது உத்தமம். ஏனெனில் டஸ்கி டால்பின்கள் துள்ளிக் கரணம் போடுவதில் நிகரற்றவை, அந்தக் காட்சி படகின் மேலிருந்துதான் முழுமையாகத் தெரியும்.