சிம்பன்சி வேட்டைக்குப் போவது பசியாலா?

விலங்கு எதைச் செய்தாலும் “பசி, பாவம்” என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால், 1960 முதல் ஆப்பிரிக்கக் காடுகளில் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்து வரும் ஆய்வாளர்களின் குறிப்பேடுகள் வேறு கதை சொல்கின்றன. உணவுப் பற்றாக்குறை அவற்றின் போக்கை மாற்றுவதுபோலவே உணவு மிகுதியும் மாற்றுகிறது. சில சமயம் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக!

நம்பிக்கை: பழம் கிடைக்காத காலத்தில்தான் குரங்குகளை வேட்டையாடுகின்றன.

உண்மை: உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் ங்கோகோ, கன்யவாரா என்ற இரண்டு சிம்பன்சிக் கூட்டங்கள் பல பத்தாண்டுகளாக ஆய்வில் உள்ளன. இரண்டிலுமே, பழுத்த பழம் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில்தான் சிவப்பு கோலபஸ் குரங்குகள் மீதான வேட்டை அதிகரிக்கிறது. வேட்டை சுலபமல்ல. உச்சிக்கிளைகளில் துரத்த வேண்டும். ஆண் கோலபஸ்கள் எதிர்த்துப் பாயும். அத்தனை பாடுபட்டும் வெறுங்கையோடு இறங்க நேரலாம். வயிறு நிறைந்திருந்தால்தான் அந்த இழப்பைத் தாங்க முடியும். பழுத்த மரங்களைத் தேடி ஆண்கள் ஒன்றுகூடுவதால் ஆள்பலமும் சேர்ந்துவிடுகிறது. பழம் அருகிய நாட்களில் கன்யவாரா சிம்பன்சிகள் தரையில் வளரும் செடிகளின் தண்டை உரித்து, உள்ளிருக்கும் சதையை மென்று காலம் தள்ளுகின்றன.

நம்பிக்கை: உணவு குறைந்தால் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிமோதும்.

உண்மை: முட்டிமோதுவதைவிடப் பிரிந்துபோவதே அதிகம். ஒரு கூட்டத்தில் ஐம்பது சிம்பன்சிகள் இருந்தாலும் அவை நாள் முழுக்கச் சேர்ந்து திரிவதில்லை. சிறு குழுக்களாகப் பிரிவதும் கூடுவதுமாக இருக்கின்றன. பெரிய அத்திமரம் ஒன்று காய்த்துப் பழுத்தால் கூவல் சத்தம் எழும், தொலைவில் இருப்பவையும் வந்து சேரும். பழம் குறையும்போது குழு சுருங்கும். குட்டியைச் சுமந்த தாய் தனியாகவே இரை தேடப் போய்விடும். சின்ன மரத்தில் நாலு பேருக்குப் பழம் இருக்காது. அடுத்த மரத்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டும்.

நம்பிக்கை: கண்ணில் பட்டதைத் தின்றபடி மனம்போன போக்கில் திரிகின்றன.

உண்மை: ஐவரி கோஸ்ட்டின் டாய் காட்டில் ஐந்து பெண் சிம்பன்சிகளை 275 நாட்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2014இல் வெளியானது. மறுநாள் காலை உணவு அத்திப்பழம் என்றால், அவை விடியுமுன்பே கூட்டைவிட்டு இறங்கின. மரம் தொலைவில் இருந்தால் இன்னும் சீக்கிரம். சிறுத்தை நடமாடும் அந்த இருட்டில் புறப்படக் காரணம் உண்டு: அத்திப்பழத்துக்குப் போட்டி அதிகம், தாமதித்தால் மற்ற விலங்குகள் காலி செய்துவிடும். முந்தைய மாலை கூடு கட்டும்போதே, காலையில் போகவேண்டிய மரத்தின் திசையை ஒட்டி இடம் பார்த்தன.

நம்பிக்கை: மனிதர் வாழைப்பழம் போட்டுக் கெடுத்ததால்தான் சிம்பன்சிகள் கொலை செய்கின்றன.

உண்மை: இதில் பாதி சரி. தான்சானியாவின் கோம்பேயில் ஆய்வாளர் ஜேன் குட்டால் சிம்பன்சிகளை அருகில் வரவழைக்க முகாமில் வாழைப்பழம் வைத்தார். காடெங்கும் சிதறிக் கிடக்கவேண்டிய உணவு ஒரே முற்றத்தில் குவிந்தது. ஒரே வாசலில் ஊருக்கே பந்தி வைத்தால் தள்ளுமுள்ளு வரத்தான் செய்யும். பபூன் குரங்குகளும் பங்குக்கு வந்தன, தாக்குதல்கள் கூடின. இதை ஆய்வாளர் ரிச்சர்ட் ராங்கம் 1974இல் பதிவு செய்தார். அதற்கு முன்பே பழம் வைப்பது வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆனால், பழமே வைக்காத இடங்களிலும் கொலைகள் நடக்கின்றன. 18 கூட்டங்களின் பதிவுகளைத் திரட்டிய 2014ஆம் ஆண்டு ஆய்வில், நேரில் கண்டவை, தடயத்தால் ஊகித்தவை, சந்தேகத்துக்குரியவை எல்லாம் சேர்த்து 152 கொலைகள் இருந்தன. மனிதத் தலையீட்டின் அளவோடு அவை ஒத்துப்போகவில்லை; ஆண்களின் எண்ணிக்கையோடும் கூட்டத்தின் நெருக்கத்தோடும் ஒத்துப்போயின. ங்கோகோவில் ஆண்கள் பத்தாண்டுகளாக அண்டைக் கூட்டத்தாரைக் கொன்று, 2009இல் தங்கள் எல்லையை 22 சதவீதம் விரித்துக்கொண்டன. எல்லை விரிந்தால் பழமரங்களும் கூடும். உணவுக்கும் சண்டைக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது வாழைப்பழத்தோடு தொடங்கவில்லை.

நம்பிக்கை: பசி முற்றினால் கருவி தானாகக் கைக்கு வரும்.

உண்மை: கினியாவின் போசூவில் பழம் குறையும் மாதங்களில் செம்பனைக் கொட்டையைக் கல்லின்மேல் வைத்து, இன்னொரு கல்லால் உடைத்துப் பருப்பைத் தின்பது அதிகரிக்கிறது. அதை மட்டும் பார்த்தால் இந்த நம்பிக்கை சரிதான். ஆனால் சுமார் ஆறே கிலோமீட்டர் தள்ளி, நிம்பா மலையில் வாழும் செரிங்பாரா சிம்பன்சிகள் கொட்டை உடைப்பதில்லை. கொட்டைகளையும் கற்களையும் ஆய்வாளர்கள் கொண்டுபோய் வைத்தும் ஒன்றுகூட உடைக்கவில்லை என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பசியோடு, உடைக்கத் தெரிந்த மூத்தவர்களைப் பார்த்து வளரும் வாய்ப்பும் வேண்டும்போலும்.

நம்பிக்கை: காடு பச்சையாக இருந்தால் உணவுக்குக் குறைவில்லை.

உண்மை: உகாண்டாவின் புடோங்கோ காட்டில் ரஃபியா பனையின் மட்கிய தண்டு சிம்பன்சிகளுக்கு உப்புச்சத்து தந்துவந்தது. சுற்றுவட்டாரப் புகையிலை விவசாயிகள் இலைகளைக் கோத்து உலர்த்த அந்தப் பனையின் நாரைப் பயன்படுத்தினார்கள், பனை அருகிப்போனது. பிறகு, மரப்பொந்தில் குவிந்திருந்த வௌவால் எச்சத்தைச் சிம்பன்சிகள் தின்பது கேமராவில் பதிவானது. அந்த எச்சத்தில் புதிய கொரோனா வகை வைரஸ் ஒன்றும் இருந்ததாக 2024இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. காடு அப்படியே நின்றது. ஒரே ஒரு பனை இனம் அருகியது. பரப்பளவை மட்டும் அளந்தால் இந்த இழப்பு கணக்கில் வராது. எந்த மரம் எந்த மாதம் பழுக்கிறது, பழம் இல்லாதபோது எது கைகொடுக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் எந்தச் சிம்பன்சிப் பாதுகாப்புத் திட்டமும் முழுமையாகாது.