இரண்டு கனெக்‌ஷன், ஒரே கம்பம்

புயல் எச்சரிக்கை வந்தாலே, ஆன்லைனில் பொருள் விற்கும் என் நண்பர்கள் கடலுக்கடியில் கேபிள் அறுந்துவிடுமோ என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். அப்படியும் நடந்ததுண்டு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, தன் கடலடிக் கேபிள் ஒன்று சேதமாகிவிட்டதாக ஏர்டெல் அறிவித்தது. பணமதிப்பிழப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லாத நேரத்தில் நெட்டும் நொண்டியது. ஆனால் கடலில் ஒரு கேபிள் போனால் இன்னொன்றின் வழியாகத் திருப்பிவிடுவார்கள். வேகம் குறையும், அவ்வளவுதான். செஞ்சி மாதிரி ஊரில் நம்மை முழுசாகப் படுக்கவைப்பது, மெயின் ரோட்டிலிருந்து நம் வாசல்வரை இ.பி. கம்பங்களில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கறுப்பு ஒயர்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமில்லாமல் அங்கேயே நின்றது. எங்கள் செஞ்சிக்குத் தென்கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நான் மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா அரிசி மூட்டைகளை வாட்ஸ்அப்பிலும் ஒரு பெரிய விற்பனைத் தளத்திலும் விற்கிறவன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று வேறு வேறு கம்பெனிகளில் இரண்டு பைபர் இணைப்பு வைத்திருந்தேன். இரண்டு மோடத்திலும் ஒன்றாகவே சிவப்பு லைட் எரிந்தது. தெருமுனையில் வேப்பமரம் சாய்ந்த கம்பத்தில்தான் இரண்டு ஒயரும் கட்டப்பட்டிருந்தன.

இணைப்பு இரண்டானால் வழியும் இரண்டாகிவிடாது. இதைக் கம்பெனிக்காரர்கள் சொல்லமாட்டார்கள். பல சமயம் அவர்களுக்கே தெரியாது. மழை இல்லாத ஒரு நாளில் உங்கள் ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய், எந்தக் கம்பத்தில் ஏறுகிறது, எந்தப் பெட்டியில் சேருகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே வரிசைக் கம்பங்களில் வந்தால் ஒன்றை நிறுத்திவிட்டு, அந்தக் காசில் வேறு இரண்டு நெட்வொர்க்கின் சிம் வாங்கி வையுங்கள். அவற்றில் ஒன்றின் டவராவது ஊரின் மறுபக்கம் இருக்கட்டும்.

மோடத்தின் லைட்டுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். லைட்டே எரியவில்லை என்றால் கரண்ட் பிரச்சினை. 12 வோல்ட் மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். சில மணி நேரம் தாங்கும். ‘லாஸ்’ லைட் சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம், நீங்கள் எத்தனை தடவை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் வராது. போனில் சிக்னல் முழுசாக இருந்தும் ஒரு மெசேஜ்கூடப் போகவில்லையா? டவருக்குக் கரண்ட் இருக்கலாம், அதன் பின்னால் வரும் கேபிள் போயிருக்கும். அப்போது அந்த சிம்மோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததை எடுங்கள்.

ஃபெஞ்சல் அடித்த அந்த வாரம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் காற்று அறுத்ததைவிட, காற்று ஓய்ந்தபிறகு கத்தி அறுத்த ஒயர்கள் அதிகம். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த வருகிற லைன்மேன்களுக்குக் கரண்ட் கொடுப்பதுதான் முதல் வேலை. கம்பத்தைச் சுற்றியிருக்கும் கேபிள் கொடிகளை வெட்டித் தள்ளிவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வராது, ராத்திரி பகலாக மழையில் நின்றவர்கள். ஆனால் கம்பம் தூக்கும் நேரத்தில் கேபிள்கார அண்ணனுக்குப் போன் போட்டு வரச்சொல்லிவிட்டால், வெட்டாமல் அவிழ்த்து எடுத்துவைக்க வழியுண்டு. வாசலருகே சில மீட்டர் ஒயரைச் சுருட்டிக் கட்டச் சொல்லி வையுங்கள். கம்பம் இடம் மாறினாலும் இழுத்துக் கட்ட நீளம் இருக்கும், புது ஜாயிண்ட் வேண்டியிருக்காது.

ஜாயிண்ட் என்பது இரண்டு முனையை முறுக்கி டேப் ஒட்டுகிற வேலை இல்லை. தலைமுடி அளவு கண்ணாடி இழைகளை நேராக வைத்து மின்பொறியில் உருக்கி ஒட்டவேண்டும். ஈரமும் தூசியும் கூடாது. அதனால்தான் மழை விடாதவரை ஆள் வருவதில்லை. கீழே கிடக்கும் கேபிளை நாமே எடுத்து மடித்து ஓரமாகப் போடுவதும் வேண்டாம். அதற்குள் இரும்புக் கம்பி ஓடலாம். எங்கேயாவது மின்கம்பி மேல் பட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

பணம் வாங்குவதற்கு, போனில் டயல் செய்யும் *99# இருக்கிறது. டேட்டா இல்லாமல், டவரும் அதன் பின்னால் வரும் கேபிளும் உயிரோடு இருந்தால், சாதாரண போனிலும் 5,000 ரூபாய்வரை அனுப்பலாம். வங்கியில் பதிவான எண்ணாக இருக்கவேண்டும். புயலன்று இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தால் இரண்டு பேருக்குமே பொறுமை போய்விடும், முன்பே ஒருமுறை செய்துபார்ப்பது நல்லது. செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்கள் பர்ஸில் நூறு ரூபாய்கூட இல்லாமல் வரும் காலம் இது. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபிறகு வெளியூர்க் கூட்டத்தை நம்பும் கடைக்காரர்கள் கல்லாவில் சில்லறையும் வைத்திருக்கட்டும்.

ஆர்டர்கள் விஷயத்தில் என் எண்ணம் கொஞ்சம் வேறு. எப்படியாவது நெட் பிடித்து ஆர்டரை ஏற்றுக்கொள்ளத் துடிப்பதில் அர்த்தமில்லை. ஃபெஞ்சலின்போது, 2024 டிசம்பர் 2-ல் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டு ரயில்கள் நின்றன. அரசூரில் தென்பெண்ணை வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியது. நெட் இருந்திருந்தாலும் அரிசி எந்த வழியாகப் போயிருக்கும்? வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்ததும் தளத்தில் கடையை விடுமுறையில் போட்டுவிடுங்கள். இணைப்பு போனபிறகு அதையும் செய்யமுடியாது; தாமதக் கணக்கு உங்கள் தலையில் ஏறும். நிலுவை ஆர்டர்களின் பெயர், முகவரி, போன் எண்ணைக் காகிதத்தில் அச்சடித்து வைத்தால், டெல்லியிலிருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரு எஸ்.எம்.எஸ். போடலாம். ஃபெஞ்சல் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

நஷ்டஈட்டை நம்பாதீர்கள். மொபைல் சேவை ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் வாடகையில் கழிக்கவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் விதி கொண்டுவந்தது, ஆனால் இயற்கைப் பேரிடருக்கு அதில் விலக்கு உண்டு. பைபர் கம்பெனியிடம் புகார் எண் மட்டும் வாங்கி, தேதியோடு குறித்து வையுங்கள். தாமதத்தால் என் கடையின் மதிப்பெண் குறைந்தது என்று விற்பனைத் தளத்தில் முறையிட்டபோது, அந்தப் புகார் எண்ணையும் சாய்ந்த கம்பத்தின் போட்டோவையும்தான் என்னிடம் ஆதாரமாகக் கேட்டார்கள்.